எலிக்காய்ச்சல்: கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கலாமா?

மாரி மழை பிடித்து வயலில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் காய்ச்சலும் தொடங்கும் என்பது எமது கமக்காரக் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அல்ல. மழைக் காய்ச்சல், நனைந்த காய்ச்சல், அலுப்புக் காய்ச்சல் என்று அதற்குப் பல பெயர்களும் உண்டு. மல்லித் தண்ணீர் குடித்து, இரண்டு பனடோல் போட்டு, மூடிப் படுத்தால் மூன்றாம் நாள் எழும்பிவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். அனேகமான காய்ச்சல்களில் அப்படி எழும்பியும் விடுகின்றோம். ஆனால் அவற்றுக்குள் ஒளிந்து வரும் ஒன்று அவ்வாறு எழும்ப விடுவதில்லை. எலிக்காய்ச்சல் எனப்படும் அந்நோயைப் பற்றியே இம்முறை படிப்போம்.

நாம் சந்தித்த ஒரு குடும்பத்திலிருந்து தொடங்கலாம். சொந்த வயலை விட்டு இடம்பெயர்ந்து வந்து, வேறு ஊரில் உறவினர் வளவில் கொட்டில் போட்டு வாழும் குடும்பம். கணவர் நாட்கூலிக்கு வரம்பு கட்டவும் வாய்க்கால் துப்புரவு செய்யவும் போவார். ஒரு நாள் மாலை குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. தலையிடி, இடுப்பு உளைவு, கெண்டைக்கால் தசையைத் தொடவே முடியாத நோ. இரண்டாம் நாள் கண் இரண்டும் சிவந்துவிட்டன. மனைவிக்குச் சந்தேகம் வந்தது. அயலவர் ஒருவர், "எலிக்காய்ச்சல் எண்டால் கண் மஞ்சளாகுமெல்லோ, இது சிவப்புத்தானே, பயப்பிடாதை பிள்ளை" என்று ஆறுதல் சொன்னார். நான்காம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. அவர் எழுந்து வேலைக்குப் போகவும் பார்த்தார். ஐந்தாம் நாள் சலம் போவது குறைந்தது. ஆறாம் நாள் மூச்சு முட்டியது. வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து அவரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்ப மூன்று கிழமை ஆயிற்று. அதற்குள் அந்தப் போகத்தின் கூலி முழுவதும் போய்விட்டது, ஒரு சோடித் தோடும் அடகுக்குப் போய்விட்டது. "அந்த நாலு நாளும் நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்?" என்று அந்தத் தாய் எம்மிடம் கேட்டார்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது செங்கமாரியை. அது வரவில்லை, ஆனபடியால் ஆபத்தில்லை என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் இந்நோயைப் பற்றி அறிய வேண்டியதில் பாதியை அறிந்தவர்களாவோம்.

பழைய அறிவு

இந்த நோயைத் தெளிவாக எழுதிவைத்தவர் அடோல்ஃப் வைல் என்னும் ஜேர்மன் வைத்தியர். 1886ஆம் ஆண்டில் காய்ச்சல், செங்கமாரி, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றாக வந்த நோயாளர்களை அவர் விபரித்தார். அதனால் வெகுகாலம் இது "வைலின் நோய்" என்றே அழைக்கப்பட்டது. மருத்துவப் புத்தகத்தில் இடம்பிடித்தது கடும் நோயாளியின் படமே. சாதாரண காய்ச்சலாக வந்து போனவர்களும், செங்கமாரி இல்லாமலே இறந்தவர்களும் அந்தப் படத்தில் இடம்பெறவில்லை.

கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் யப்பானியர். கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. 1915ஆம் ஆண்டளவில் இனாடா, இடோ என்னும் ஆய்வாளர்கள் அந்நோயாளரின் இரத்தத்தைக் கினிப் பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்து, சுருள் வடிவான மெல்லிய பக்டீரியா ஒன்றை இனங்கண்டனர். லெப்டோஸ்பைரா என்பது அதன் பெயர். அந்தப் பக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருப்பதும் விரைவில் தெரியவந்தது. நெல் விளையும் நாடுகளின் மக்கள் பெயர் தெரியாமலே நோயை அறிந்திருந்தார்கள். சீனாவில் அதனை நெல் அறுவடைக்காலச் செங்கமாரி என்று அழைத்தார்கள். வயலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை விஞ்ஞானிகளுக்கு முன்னரே கமக்காரன் கண்டுவிட்டான் என்று நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

அறிவு மாறிய விதம்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மத்திய அமெரிக்காவிலுள்ள நிக்கரகுவா நாட்டில் பெருமழையின் பின்னர் அச்சுவாப்பா என்னும் பகுதியில் ஒரு காய்ச்சல் பரவியது. நோயாளர்களுக்கு மூச்சு முட்டியது, சளியுடன் இரத்தம் வந்தது, சிலர் இறந்தனர். செங்கமாரி இல்லை. முதலில் டெங்கு என்று எண்ணினார்கள். பல வைரசுக்களைத் தேடிப் பார்த்த பின்னரே இறந்தவர்களின் உறுப்புகளில் லெப்டோஸ்பைரா இருப்பது தெரிந்தது. எலிக்காய்ச்சல் நுரையீரலுக்குள் இரத்தம் கசியச் செய்தும் உயிரைக் குடிக்கும், அதற்கு முன் கண் மஞ்சளாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்ற பாடத்தை உலகம் அதன் பின்னரே நன்றாகக் கவனத்தில் எடுத்தது.

எமது நாட்டிலும் அதே பாடம் வந்தது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானார்கள். 200 பேரளவில் இறந்தனர். அப்போதெல்லாம் இது இரத்தினபுரி, களுத்துறை, கேகாலை போன்ற ஈரவலய மாவட்டங்களின் நோய் என்றே பேசப்பட்டது. 2011இல் வெள்ளத்தின் பின் உலர்வலயமான அனுராதபுரப் பக்கத்திலும் அது பரவியது. யாழ்ப்பாணத்தில் குறைவாகவே பதிவானபடியால் "எங்கடை பக்கத்தில் இல்லாத வருத்தம்" என்று நாமும் இருந்துவிட்டோம்.

2024 நவம்பர் இறுதியில் வடக்கில் பெருவெள்ளம் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் வடமராட்சிப் பகுதியில், பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில், இன்னதென்று தெரியாத காய்ச்சல் ஒன்றினால் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. "மர்மக் காய்ச்சல்" என்று பத்திரிகைகள் எழுதின. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. டிசம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்திருந்தனர். சுகாதாரத் திணைக்களத்தினர் வயல்களுக்கே சென்று தடுப்புக் குளிசை வழங்கினார்கள். அந்தக் குளிசையைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

எலிக்கு இக்கிருமியால் வருத்தம் வருவதில்லை. கிருமி அதன் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மாதக்கணக்காக எலியின் சலத்துடன் வெளியேறிக்கொண்டே இருக்கும். வயல் எலி, அகழான், மூஞ்சூறு மட்டுமல்ல, மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் கிருமியைக் காவலாம். ஆகவே எலியே இல்லாத மாட்டுக்கொட்டிலில் வெறுங்காலுடன் சாணி அள்ளுவதும் ஆபத்தற்றதல்ல.

சலத்துடன் வெளியே வந்த கிருமி காய்ந்த மண்ணில் விரைவில் செத்துப்போகும். கடல் நீரும் அதற்கு ஒத்துவராது. ஆனால் நன்னீர் தேங்கிய வயல், ஈரமண், வாய்க்கால், வெள்ளம் வடிந்த பள்ளம் ஆகியவற்றில் பல கிழமைகள் உயிருடன் இருக்கும். காலிலுள்ள வெட்டுக்காயம், சேற்றுப்புண், நீண்டநேரம் ஊறி மென்மையான தோல், கண், மூக்கு, வாய் ஆகியன அதற்கு வாசல்கள். வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் எமது பழக்கம். கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவதற்குச் சமமான செயல் அது. ஆளிலிருந்து ஆளுக்கு இது தொற்றுவது மிக அரிது. நோயாளியின் பாயையும் கோப்பையையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

கிருமி உட்புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு இரண்டு நாளில் வரும், சிலருக்கு ஒரு மாதமும் செல்லும். அதனால்தான் வெள்ளம் வடிந்து, "இனி எல்லாம் சரி" என்று நாம் இருக்கும்போது நோய் வருகிறது. முதற்கிழமையில் கிருமி இரத்தத்தில் ஓடித் திரியும். பின்னர் சிலருக்குக் காய்ச்சல் ஓரிரு நாட்கள் தணிந்து மறுபடியும் ஏறும். மேலே சொன்ன குடும்பத்தலைவர் வேலைக்குப் போக எழும்பியது அந்த இடைவெளியில்தான். தொற்றுக்குள்ளான பலருக்கு நோய் இலேசாகவே வந்து போகும். சிறுபங்கினருக்குச் சிறுநீரகம், ஈரல், நுரையீரல், இதயம் ஆகியன தாக்கப்படும். யாருக்கு எது வரும் என்று முதல் நாளில் எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது கண் மஞ்சளாகிறதா என்பதை அல்ல. கடந்த ஒரு மாதத்துக்குள் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கினோமா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா? இரண்டுக்கும் விடை "ஓம்" என்றால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். கெண்டைக்கால் நோ, பீளை இல்லாமல் கண் சிவத்தல், வாந்தி ஆகியன சேர்ந்தால் சந்தேகம் இன்னும் கூடும். சலம் குறைதல், மூச்சு முட்டல், இருமலில் இரத்தம், தடுமாற்றம் ஆகியவற்றில் எது கண்டாலும் அது நடுச்சாமம் என்றாலும் வாகனம் பிடிக்க வேண்டிய நேரம். செங்கமாரி கண்டதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் காப்பது எம்மிடையே நெடுங்கால வழக்கம். அதனை நாம் இகழவில்லை. ஆனால் காய்ச்சலுடன் கூடிய செங்கமாரிக்கு அதனை நம்பி ஒரு நாளைக்கூடக் கழிக்க வேண்டாம்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியருக்கு ஒரு நோயாளியுடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. "காய்ச்சல் ஐயா" என்று மட்டும் சொன்னால் காய்ச்சலுக்குரிய குளிசை கிடைக்கும். "நான் வயலில் வேலை செய்கிறேன், பத்து நாளைக்கு முன் வாய்க்கால் வெட்டினேன், காலில் புண் இருந்தது" என்று சொன்னால் வைத்தியரின் எண்ணம் வேறு திசையில் போகும். எமது வாசகர்கள் இந்த ஒரு வசனத்தை மட்டும் மனதில் வைத்திருந்தாலும் போதும் என்போம். இடம்பெயர்ந்து வந்த சிலர் தாம் கூலிவேலை செய்வதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொந்தக் காணியில் முதலாளியாக இருந்தவருக்கு அந்தக் கூச்சம் இயல்பானது. ஆனாலும் வைத்தியரிடம் அதனை மறைக்க வேண்டாம்.

"இரத்தம் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள், பிறகு எப்படி எலிக்காய்ச்சல்?" என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக எமது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையே தேடுகிறது. அது போதிய அளவு உண்டாக ஒரு கிழமை செல்லும். எனவே மூன்றாம் நாளில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கிருமியின் மரபுப் பொருளையே தேடிப் பிடிக்கும் பீ.சீ.ஆர். பரிசோதனை முதற்கிழமையில் உதவும். கொரோனாக் காலத்தில் அந்தப் பெயர் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் அது எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை, மாதிரிகளைத் தூர இடங்களுக்கு அனுப்ப வேண்டும். அதனால் அனுபவமுள்ள வைத்தியர் முடிவு வரும்வரை காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவார். அது சரியான முறை.

மருந்து புதுமையானதும் அல்ல, விலை கூடியதும் அல்ல. இலேசான நோய்க்கு டொக்சிசைக்கிளின் அல்லது அமொக்சிசிலின் குளிசை. கடும் நோய்க்குப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. சிறுநீரகம் நின்றால் அது மீண்டும் இயங்கும்வரை இரத்தச் சுத்திகரிப்பு. தப்பியவர்களில் பெரும்பாலானோரின் சிறுநீரகம் மீண்டுவிடும் என்பது ஆறுதலான செய்தி. ஒரு எச்சரிக்கை: காய்ச்சலுக்கும் நோவுக்கும் பரசிற்றமோல் தவிர வேறெதையும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். அஸ்பிரின், இபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும். அது டெங்குவாக இருந்தாலும் அதே ஆபத்துத்தான்.

தடுப்புக் குளிசை

1982ஆம் ஆண்டில் பனாமாவின் காடுகளில் பயிற்சிக்குச் சென்ற 940 அமெரிக்கப் படையினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும் மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. இம்முடிவு 1984இல் வெளியாயிற்று. பின்னர் எம்மைப் போலவே ஆண்டுதோறும் சேற்றில் வாழும் அந்தமான் தீவு மக்களிடம் இதனைச் சோதித்தபோது முடிவு அவ்வளவு பிரகாசமாக இல்லை. கிருமி உட்புகுவதைக் குளிசை தடுக்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்பட்டது குறைந்தது. அதாவது குளிசை ஒரு குடை. சாரலில் நனையாமல் இருப்போம் என்று அது உறுதி தருவதில்லை. குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

இலங்கையில் இதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகவும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் இலவசமாகப் பெறலாம். கிழமைக்கு ஒரு நாள், 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. வயலில் இறங்குமுன்னரே தொடங்கி, சேற்று வேலை முடியும்வரை எடுக்க வேண்டும். வெறுவயிற்றில் எடுக்க வேண்டாம். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் களத்தில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்துக் குளிசையையும் நெஞ்செரிவுக் குளிசையையும் அதே நேரத்தில் எடுத்தால் மருந்து உடலில் சேராது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு இது உகந்ததல்ல. களை பிடுங்கப் போகும் கர்ப்பிணிப் பெண் அதனை முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் வேறு வழி சொல்வார்.

இடம்பெயர்ந்தோர் விசேடமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். பரிசோதகர் குளிசை கொண்டுவருவது அவருக்குத் தெரிந்த கமக்காரர்களுக்கே. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் கமக்காரர் அமைப்பிலிருந்து கிடைப்பவை. காணி உடையவரின் பெயர் அதில் இருக்கும், கூலிக்கு இறங்குபவரின் பெயர் இருக்காது. குளிசை வரம்பு வரை வந்தும் சேற்றில் நிற்பவருக்குக் கிடைக்காமல் போவதை நாம் கண்டிருக்கிறோம். இதில் எவரையும் குற்றம் சொல்வதைவிட, போகம் தொடங்குமுன் உங்கள் குடியிருப்பில் வயல் வேலைக்குப் போகும் ஆண், பெண் எல்லோரது பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பரிசோதகரிடம் நேரில் கொடுப்பது பயன் தரும்.

காலும் கொட்டிலும்

"சப்பாத்துப் போடுங்கள்" என்று சுவரொட்டியில் எழுதுவது இலகு. முழங்கால் சேற்றில் றப்பர் சப்பாத்துடன் பத்து அடி நடந்து பார்த்தவர் அதை எழுதியிருக்க மாட்டார். உழவிலும் நாற்று நடுகையிலும் அது சரிவராது. ஆனால் வாய்க்கால் துப்புரவு, வரம்பு செதுக்கல், கொட்டில் கழுவல், வெள்ளத்தின் பின் வீடு துப்புரவாக்கல் ஆகியவற்றுக்கு அது சரிவரும். சேற்றில் இறங்கியே ஆகவேண்டிய நாட்களில் காயத்தை நீர் புகாத பிளாஸ்ரரால் மூடி, வேலை முடிந்ததும் கிணற்று நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பெரிய புண் உள்ளவர் அன்று கரையில் செய்யும் வேலையை எடுக்கட்டும். கூலி கொடுப்பவர்களும் இதற்கு இடம்விட வேண்டும்.

பல ஆண்டுகள் கைவிடப்பட்டு மீண்டும் கிடைத்த காணிகளில் பற்றை மண்டி, வரம்பு பெருத்து, எலி வளை நிறைந்திருக்கும். முதற் போகத்தில் இறங்குமுன் பற்றையை வெட்டி, வரம்பை ஒடுக்கிச் செதுக்கி, வளைகளை உடைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். வயல்வெளி முழுவதும் ஒரே கிழமையில் செய்வதும், ஒரே காலத்தில் விதைப்பதும் நல்லது. இரவில் ஆந்தை வந்து இருக்கத் தடிகளை நட்டு வையுங்கள். சாரைப்பாம்பைக் கண்டால் விட்டுவிடுங்கள், அது சம்பளம் கேட்காத வேலையாள். செத்த எலியை வெறுங்கையால் தூக்காமல் ஆழப் புதைக்க வேண்டும்.

முகாம்களிலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பலர் தங்கியது போன்ற பாடசாலைக் கட்டடங்களிலும், எலியை அழைப்பது நிவாரண அரிசி மூட்டையே. நிலத்தில் சாக்குடன் வைக்காமல் மூடியுள்ள வாளியிலோ தகரப் பெட்டியிலோ வைக்கலாம். எல்லாக் குடும்பத்தினதும் அரிசியை ஒரே இடத்தில் பலகை மேல் உயர்த்தி வைத்து முறைவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அதன் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

உங்கள் குழுவில் பேசுவதற்கு

சென்ற மாரியில் எமது குடியிருப்பில் யார் யாருக்குக் காய்ச்சல் வந்தது, எத்தனையாம் நாள் வைத்தியரிடம் போனார்கள், பிந்தியதற்குக் காரணம் தூரமா, பணமா, கூலியா, பயமா? இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் எந்த வாகனம் வரும், அதற்கான காசை யார் வைத்திருப்பது? பரிசோதகரிடம் கொடுக்க வேண்டிய பெயர்த்தாளை எழுதுவது யார், எந்த நாளில்?